மூணு இலவசமும் அக்கா சொல்லிக்குடுத்த கமாவும்

புதன்கிழமை காலையில எட்டே முக்கால் மணிக்கே அக்காவுக்கு அலுத்துப்போச்சு. கைப்பைய இன்னும் மேசையில வைக்கல, மூக்குக் கண்ணாடியத் தொடைக்கல, மூணு மாடி ஏறின மூச்சுகூட அடங்கல. அதுக்குள்ள கம்ப்யூட்டர் திரை மேல ஒரு மஞ்சச் சீட்டு ஒட்டியிருக்கு. பெரிய சார் கையெழுத்து. கோழி கிளறின மாதிரி இருக்கும், ஆனா அக்காவுக்குப் பழக்கம், படிச்சுடுவா.

"ரெஃபரன்ஸ் சாஃப்ட்வேர் சந்தா நேத்தோட முடிஞ்சுது. இலவசமா இருக்கறதுல மூணை ஒப்பிட்டு ஒரு பக்கத்துக்கு டேபிள் போடுங்க. நாளைக்குப் பதினோரு மணிக்கு மீட்டிங்."

நேத்தோட முடிஞ்சுதாம்! கல்யாணம் முடிஞ்ச மறுநாள் பத்திரிகை குடுக்கற கதையா இல்ல இருக்கு. கம்பெனிக்காரங்க ரெண்டு மாசமா மெயில் மேல மெயிலாப் போட்டிருக்காங்க. அது அவரோட மெயில் பெட்டியில ஓரமா உக்காந்து அழுதுட்டிருந்திருக்கு, அவரு திறந்தே பாக்கல. பெரிய சார்னா அந்த லைப்ரரிக்கே தலைவர். கெட்ட மனுஷன் இல்ல, அதையும் சொல்லிடணும். ஆனா தண்ணி கழுத்துக்கு வந்தப்புறந்தான் நீச்சல் தெரியுமான்னு கேப்பாரு, அதுவும் பக்கத்துல இருக்கறவங்களப் பாத்து.

அக்காங்கறது யுனிவர்சிட்டி லைப்ரரியில ரெஃபரன்ஸ் மேசை லைப்ரரியன். வயசு அம்பத்தாறு. அவ பேரு என்னன்னு அங்க படிக்கிற பாதிப் பேருக்குத் தெரியாது, மூணாம் மாடி அக்கான்னா வாட்ச்மேன்ல இருந்து வாத்தியாருங்க வரைக்கும் தெரியும். ஆராய்ச்சி பண்றவங்களுக்கு இந்தச் சாஃப்ட்வேரைச் சொல்லிக்குடுக்கறது அவ வேலை. அது ஒண்ணுமில்ல, படிச்ச புத்தகம், கட்டுரை எல்லாத்தோட விவரத்தையும் அதுல சேத்து வச்சுக்கணும். தீசிஸ் எழுதறப்போ ஒரு தட்டுத் தட்டினா இதைச் சொன்னது இன்னாருன்னு அங்கயே போட்டுக்கும். எழுதி முடிச்சா கடைசியில வர்ற பெரிய லிஸ்டை வரிசையா அதுவே போட்டுக் குடுத்துடும். கையால போட்டா நாலு நாளைக்குக் கண்ணு பூத்துப் போற வேலை அது.

சீட்டை உரிச்சு எடுத்துட்டு நாற்காலியில சாயலாம்னு பாக்கறா, படியில தடதடன்னு சத்தம். யாருன்னு பாத்தா அவ நாத்தனார். வீட்டுக்காரரோட கடைசித் தங்கச்சி, வயசு நாப்பத்தி நாலு. ரெண்டு புள்ளையப் பெத்து, வளத்து, ஸ்கூலுக்கு அனுப்பிட்டு அப்புறமா ஆராய்ச்சிக்குச் சேந்தவ. பஸ்ஸுல போறவங்க என்ன படிக்கிறாங்க, ஏன் படிக்கிறாங்கன்னு ஏழு வருஷமா எழுதிட்டிருக்கா. அதுக்காக அவ ஏறி இறங்காத பஸ்ஸு கிடையாது.

"அண்ணி! அது திறக்குது, ஆனா லிஸ்டு போட மாட்டேங்குது. பாத்துக்கோ, தொடாதேங்குது. நான் என்ன பண்ணுவேன்?"

"மொதல்ல உக்காரு. தண்ணியக் குடி."

"தண்ணி எதுக்கு? நாளைக்கு நாலு மணி அண்ணி!"

அக்காவுக்கு அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. நாளைக்குச் சாயங்காலம் நாலு மணிக்குள்ள நாத்தனார் தீசிஸை ஆபீஸ்ல குடுத்தாகணும். ஏற்கெனவே மூணு தடவை தவணை வாங்கியாச்சு. மாமியாருக்கு ஆபரேஷன்னு ஒரு தடவை, பெரியவனுக்குப் பரீட்சைன்னு ஒரு தடவை, மூணாவது தடவை காரணமே சொல்லல, அழுதுட்டா, குடுத்துட்டாங்க. இனிமே கிடையாது. நாளைக்கு விட்டா பதிவையே அடிச்சுடுவாங்க. ஏழு வருஷமும் ஆத்துல கரைச்ச கதைதான். அறுநூத்திப் பன்னெண்டு ரெஃபரன்ஸ் அந்தப் பூட்டின சாஃப்ட்வேருக்குள்ள மாட்டிக்கிட்டு நிக்குது.

"எல்லாத்தையும் வெளிய எடுத்துப் பென்டிரைவுல போட முடியும், அதை நிறுத்தியிருக்க மாட்டாங்க" அப்படின்னா அக்கா. "எடுத்து, இலவசத்துல எதுலயாவது ஏத்துவோம். எனக்கும் ஒப்பிட்டுப் பாக்க ஒரு பெரிய லிஸ்டு வேணும். ஒரே கல்லு."

"மாங்காய் விழுந்தாச் சரி. என் தலையில விழாம இருந்தாச் சரி."

அந்த மூணு சாஃப்ட்வேருக்கும் பேரு இருக்கு, இல்லாம இல்ல. ஆனா அதெல்லாம் வாயில நுழையற பேரா? அன்னிக்கு மத்தியானத்துக்குள்ள ரெண்டு பேரும் சேந்து வேற பேரு வச்சுட்டாங்க. முதலாவது மினுக்கி. திறந்தா அப்படியே ஜொலிக்கும், புத்தக அட்டையெல்லாம் வரிசையாக் காட்டும், கட்டுரையை உள்ளயே படிச்சுக் கோடு போட்டுக்கலாம், ஆன்லைன்ல இடமும் தாராளம். பெரிய சாருக்கு இதுமேலதான் கண்ணு, மேலிடத்துல சொல்லியே வச்சுட்டாருன்னு கேள்வி. ரெண்டாவது வலைமேஞ்சான். அது கம்ப்யூட்டர்ல இறங்கவே இறங்காது, இன்டர்நெட்டுலயேதான் மேஞ்சிட்டிருக்கும். எந்த ஊர்ல எந்த மிஷின்ல உக்காந்தாலும் திறக்கலாம், அது நல்லதுதான், ஆனா நெட்டு போச்சுன்னா நாமும் போனோம். மூணாவது அழுக்குமூஞ்சி. பாக்கறதுக்குப் பழைய ஆபீஸ் பீரோ மாதிரி இருக்கும். ஆன்லைன்ல இடம் கையளவுதான், நாலு பெரிய புத்தகத்தப் போட்டா மூச்சு முட்டும்.

மினுக்கியிலதான் மொதல்ல ஏத்தினாங்க. அறுநூத்திப் பன்னெண்டும் கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள ஏறிடுச்சு. நாத்தனார் கையத் தட்டிட்டா. "பாத்தீங்களா, அழகா இருந்தா வேலை செய்யாதுன்னு யார் சொன்னது?"

அக்கா லிஸ்டப் போட்டா. மேல இருந்து கீழ ஓட்டினா. மறுபடி மேல போனா. கண்ணாடியக் கழட்டித் தொடைச்சுட்டு மறுபடி பாத்தா.

"ஏம்மா, உன் கட்டுரை எங்க?"

"இருக்கும் அண்ணி, என் பேர்ல பாருங்க."

"உன் பேர்ல இல்ல. உங்கப்பா பேர்ல இருக்கு."

அங்கதான் சிக்கலே. நம்மகிட்ட குடும்பப் பேருன்னு ஒண்ணு ஏது? நம்ம பேரு, கூட அப்பா பேரு, அவ்வளவுதான். இந்தச் சாஃப்ட்வேரெல்லாம் எங்கயோ இருக்கறவங்க பண்ணினது, அதுங்களுக்கு ரெண்டு பொட்டி வேணும். முதல் பேருக்கு ஒண்ணு, கடைசிப் பேருக்கு ஒண்ணு. கடைசியில இருக்கறதுதான் பெரிசுன்னு எடுத்து முன்னாடி போட்டுட்டு, முன்னாடி இருக்கற ஆளை ஒத்தை எழுத்தாச் சுருக்கிடும். நம்ம லிஸ்டுல கடைசியில இருக்கறது அப்பா. அப்பாருங்க எல்லாம் எழுத்தாளர் ஆயிட்டாங்க, எழுதினவங்க எல்லாம் அவங்களுக்கு இனிஷியல் ஆயிட்டாங்க.

"பழசுல இப்படி வராதே" அப்படின்னா நாத்தனார். "பழசுல நாம ஒவ்வொரு பேருக்குப் பின்னாடியும் ஒரு கமா போடுவோமே. கமா போட்டா அது பேரைப் பிரிக்காம அப்படியே விட்டுடும். மினுக்கி அந்தக் கமாவ முழுங்கிடுச்சு போல."

அக்கா மூணு தடவை திருத்திப் பாத்தா, மறுபடி பழையபடி ஆயிடுச்சு. வலைமேஞ்சான்ல ஏத்திப் பாத்தாங்க. அது கமாவ முழுங்கல, துப்பவும் இல்ல. லிஸ்டு பூரா ஒவ்வொரு பேருக்குப் பின்னாடியும் ஒத்தைக் காதுக் கம்மல் மாதிரி ஒரு கமா தொங்குது, அது பின்னாடியே ஒரு புள்ளி, அது பின்னாடி இன்னொரு கமா. நாத்தனார் மேசையில தலைய வச்சுட்டா.

"எந்தப் புண்ணியவான் அண்ணி இந்தக் கமாவக் கண்டுபிடிச்சது? கையில கிடைச்சா..."

அக்கா ஜன்னல் பக்கம் பாத்தா. அப்புறம், "நான்தான்" அப்படின்னா.

"என்னது?"

"பன்னெண்டு வருஷம் முன்னாடி. அந்தக் கம்பெனியோட உதவிப் புத்தகத்துல, ஆபீஸ் பேரு, சங்கத்துப் பேரெல்லாம் போடறப்போ பின்னாடி கமா போடுங்க, பிரிக்காதுன்னு எழுதியிருந்துச்சு. நம்ம பேருக்கும் போட்டுப் பாத்தேன், அழகா வந்துச்சு. வர்றவங்களுக்கெல்லாம் சொல்லிக்குடுத்துட்டேன்."

நாத்தனார் அவளையே பாத்துட்டிருந்தா. "ஏழு வருஷம் அண்ணி. ஒவ்வொரு பேருக்கும். ஒண்ணு விடாமப் போட்டேன். வீட்டுல எங்கண்ணன்கிட்டப் பெருமையா வேற சொன்னேன், அண்ணி சொல்லிக்குடுத்த கமா இல்லன்னா நான் என்னாகியிருப்பேன்னு."

"சொன்ன, சொன்ன. அவரும் என்கிட்ட வந்து சொன்னாரு."

"ஒரு சங்கத்துக்குப் போடற கமாவ மனுஷனுக்குப் போட்டா..." சொல்ல வந்ததப் பாதியில விட்டுட்டா. திட்டிட்டாக்கூடப் பரவால்லன்னு இருந்துச்சு அக்காவுக்கு. திட்டல. அதுதான் பாரமா இருந்துச்சு. இந்த லைப்ரரியில ஆராய்ச்சி பண்ணின அத்தனை பேரோட சாஃப்ட்வேர்லயும் அந்தக் கமா உக்காந்திருக்கு. பொடிப் பொடியா, ஆயிரக்கணக்குல.

அழுக்குமூஞ்சிதான் பாக்கி. ஏத்தினாங்க. அது பேரை எல்லாம் தூக்கி ஒரு பொட்டியில போட்டுட்டு இன்னொரு பொட்டியக் காலியா வச்சிருந்துச்சு. லிஸ்டும் சரியா வரல. ஆனா பேருக்குப் பக்கத்துல கடுகு அளவுக்கு ஒரு சின்னக் கட்டம் இருந்துச்சு. அக்கா அதை அமுக்கினா. ரெண்டு பொட்டியும் ஒண்ணாச் சேந்து ஒரே பொட்டியாயிடுச்சு. லிஸ்டப் பாத்தா நாத்தனார் பேரு முழுசா, நேரா, மனுஷி மாதிரி நிக்குது.

"வந்துடுச்சு" அப்படின்னா அக்கா, சத்தமே இல்லாம.

"எத்தனை பேருக்கு இப்படி அமுக்கணும்?"

"எண்ணிட்டேன். இருநூத்திப் பதினாலு. ஒவ்வொண்ணா."

ரெண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பாத்துக்கிட்டாங்க. வேற வழி? அக்கா அமுக்க, நாத்தனார் பக்கத்துல உக்காந்து மூலக் கட்டுரையப் பாத்துப் பேரைப் படிக்க, அப்படியே ஓடுச்சு. நடுவுல யாராவது வந்து அக்கா இந்தப் புத்தகம் எங்க இருக்குன்னு கேப்பாங்க, அவ தலைய நிமித்தாமலே ரெண்டாவது வரிசை, கீழ் தட்டுன்னுவா. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவத் திறந்து வச்சதோட சரி. ஆறு மணிக்கு லைப்ரரி மூடறப்போ நூத்தி முப்பத்தெட்டு முடிஞ்சிருந்துச்சு. அக்காவுக்கு ஆள்காட்டி விரல் மரத்துப்போச்சு. பெரிய சார் கேட்ட டேபிள்ல ஒரு வரிகூட எழுதல.

வியாழக்கிழமை எட்டு மணிக்கே திரும்ப உக்காந்துட்டாங்க. பத்தரைக்கு ஒம்பது பேரு மட்டும் மிச்சம். அந்த ஒம்பதும் ஒரு தனி ரகம். ஒரு கட்டுரையில ஒரு பேரு முன்னாடி இருக்கும், அவரே எழுதின இன்னொண்ணுல அதே பேரு பின்னாடி இருக்கும். எது அப்பா, எது புள்ளன்னு சாஃப்ட்வேர் என்ன, அந்த ஆண்டவனே வந்தாலும் சொல்ல முடியாது.

"போன் போட்டுக் கேட்டுடலாம்" அப்படின்னா நாத்தனார். ஒரு ரிட்டையர் ஆன பேராசிரியருக்கு முதல்ல போட்டா. அவரு வீட்டம்மா எடுத்தாங்க.

"அம்மா, யுனிவர்சிட்டி லைப்ரரியில இருந்து பேசறேன். ஐயா பேர்ல ஒரு சந்தேகம்."

"புத்தகம் எதாவது திருப்பிக் குடுக்கலையா? நான் அப்பவே சொன்னேன்."

"அதில்லம்மா. ஐயா பேர்ல முன்னாடி இருக்கறது அவரா, பின்னாடி இருக்கறது அவரா?"

"ஏம்மா, நாப்பத்தியொரு வருஷமா இவரோட குடும்பம் நடத்தறேன், இப்படி ஒரு கேள்விய யாரும் கேட்டதில்ல. பின்னாடி இருக்கறது எங்க மாமனாரு. முன்னாடி இருக்கறவரு இங்க சோஃபாவுல குறட்டை விட்டுட்டிருக்காரு. எழுப்பவா?"

"வேணாம்மா, தூங்கட்டும். குடுத்து வச்சவரு" அப்படின்னு நாத்தனார் போனை வச்சா. ரெண்டு நாள்ல அப்பத்தான் ரெண்டு பேரும் சிரிச்சாங்க. சிரிச்சாலும் அக்காவுக்கு விலா வலிச்சுது, அப்படி ஒரு அசதி.

பதினோரு மணி ஆச்சு. டேபிள் இல்லாமப் போனா பெரிய சார் மினுக்கியத்தான் முடிவு பண்ணுவாரு. அழுக்குமூஞ்சிய லைப்ரரி கம்ப்யூட்டர்ல வச்சிருக்கவே கூடாதும்பாரு, ஒண்ணு முடிவானா மத்ததை எடுத்துடணும்ங்கறது அவரோட சட்டம். எடுத்துட்டா நாத்தனாரோட லிஸ்டு எங்க போயி நிக்கும்? அக்கா நின்னுக்கிட்டே மூணு சாஃப்ட்வேர்லயும் நாத்தனாரோட லிஸ்டுல ஒரே பக்கத்தப் பிரிண்டு எடுத்தா. மூணு தாள். அதோட கீழ இறங்கினா.

மீட்டிங் ரூம்ல ஏழெட்டுப் பேரு இருந்தாங்க. "டேபிள் எங்கம்மா?" அப்படின்னாரு பெரிய சார்.

"டேபிள் போட நேரம் கிடைக்கல சார். இதைப் பாத்தாப் போதும். உங்க பழைய கட்டுரையும் இதுல இருக்கு."

அவரு மினுக்கியோட தாளைத்தான் முதல்ல எடுத்தாரு. "எழுத்து எவ்வளவு நீட்டா இருக்கு பாருங்க. இதுல என்னோட பழைய கட்டுரையும் இருக்குன்னு சொன்னீங்களே, அந்தப் பஸ்ஸு பத்தினது? எங்க?"

"அஞ்சாவது வரி சார்."

பாத்தாரு. தாளைக் கிட்டக்க கொண்டு போனாரு. "இது எங்கப்பா பேரு."

"ஆமா சார்."

"எங்கப்பாவுக்குக் கையெழுத்துப் போடவே வராதும்மா. கைநாட்டுதான்." ரூம்ல ஒருத்தர் சிரிச்சாரு, அப்புறம் இருமற மாதிரி மாத்திக்கிட்டாரு. பெரிய சார் சிரிக்கல. அந்த வரியவே பாத்துட்டிருந்தாரு. "கைநாட்டு வச்ச மனுஷன் கட்டுரை எழுதியிருக்காரு. என்ன எங்க காணோம்?"

"ஒத்தை எழுத்தாப் பின்னாடி இருக்கீங்க சார்."

"திருத்த முடியாதா இதுல?"

"திருத்தலாம் சார். ஆன்லைனோட சேந்து புதுப்பிக்கறப்போ மறுபடி பழையபடி ஆக்கிடுது. நேத்து மூணு தடவை பண்ணிப் பாத்தேன். இந்த மூணாவதுல மாத்தினா மாத்தினபடி நிக்குது. இதுல குறை இல்லன்னு சொல்ல மாட்டேன். பாக்கச் சகிக்காது. ஆன்லைன்ல இடம் ரொம்பக் கம்மி, பெரிய ஃபைலையெல்லாம் அவங்கவங்க கம்ப்யூட்டர்லதான் வச்சுக்கணும், அது தொந்தரவுதான். ஆனா பேரு சரியா இருக்கும்."

"அப்ப எல்லாரும் ஏத்தினா வந்துடுமா?"

இங்க வந்துதான் அக்கா தயங்கினா. சொல்லாமலும் விடலாம். பழைய சாஃப்ட்வேர் மேல பழியப் போட்டுட்டு எழுந்து வந்துடலாம், யாருக்குத் தெரியப்போகுது? ஆனா அவளுக்குப் பொய் சொல்லக்கூடத் தெம்பு இல்ல.

"வராது சார். ஒவ்வொருத்தரும் பேருக்குப் பின்னாடி ஒரு கமா போட்டு வச்சிருக்காங்க. அதைச் சொல்லிக்குடுத்தது நான். ஒவ்வொண்ணாக் கையாலதான் சரி பண்ணணும்."

"எத்தனை பேரும்மா?"

"பன்னெண்டு வருஷமா வந்த எல்லாரும்."

பெரிய சார் தாளை மேசையில வச்சாரு. கண்ண மூடினாரு. அவரும் ரெண்டு மாசமா மெயிலைத் திறக்காத மனுஷன்தானே, அது அவருக்கும் ஞாபகம் வந்திருக்கும் போல. "சரி. மூணாவதே இருக்கட்டும். மேலிடத்துல நான் பேசிக்கறேன். கமாவ நீங்க பாத்துக்கங்க."

அக்கா படியேறி வந்தப்போ மணி பன்னெண்டு. மிச்சம் எட்டுப் பேர்ல ஆறு பேரை நாத்தனாரே போன்ல பிடிச்சு முடிச்சிருந்தா. ரெண்டு பேரு கிடைக்கவே இல்ல. "எடுத்துடவா அண்ணி? தப்பாப் போடறதுக்கு இல்லாமலே இருக்கட்டும்."

"படிச்சதுதானே? படிச்சா சொல்லித்தான் ஆகணும். அவங்க கட்டுரையில எப்படிப் போட்டிருக்காங்களோ அப்படியே போடு. அது அவங்க போட்ட பேரு."

அதுக்கப்புறம் தீசிஸுக்குள்ள லிஸ்ட இணைக்கறதுல ரெண்டு தடவை கம்ப்யூட்டர் அப்படியே உறைஞ்சு நின்னுது. ரெண்டாவது தடவை நாத்தனார் எழுந்து சுவத்தப் பாத்து நின்னுக்கிட்டா, அக்கா மட்டும் திரையப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா. ஒருவழியா அது ஓடிடுச்சு. மூணு பிரதி பிரிண்டு எடுத்து, கீழ ஜெராக்ஸ் கடையில பைண்டு பண்ணி, ஆபீஸுக்குப் போனப்போ நாலு ஆக எட்டு நிமிஷம். கவுண்டர்ல இருந்த கிளார்க் பக்கத்த எண்ணினாரு, கையெழுத்தப் பாத்தாரு, கடைசி லிஸ்டத் திருப்பி ரெண்டு மூணு பக்கம் விரலால தேச்சுப் பாத்தாரு. அந்த விரல் ஒவ்வொரு வரியில நிக்கறப்பவும் நாத்தனார் மூச்ச அடக்கிட்டு நின்னா.

"ம்" அப்படின்னாரு. முத்திரையக் குத்தினாரு. ரசீதக் கிழிச்சுக் குடுத்துட்டு, "அடுத்தது" அப்படின்னாரு.

அவ்வளவுதான். ஏழு வருஷத்துக்கு ஒரு ம்.

வெளிய வந்து ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் நடைபாதையில நின்னாங்க. "சந்தோஷமா இருக்கணும்ல அண்ணி?" அப்படின்னா நாத்தனார்.

"நாளைக்கு வரும். இன்னிக்கு வீட்டுக்குப் போ."

போகல. அக்கா பின்னாடியே மூணு மாடியும் ஏறி வந்தா. பெரிய சார் மத்தியானமே எல்லாருக்கும் மெயில் போட்டுட்டாரு போல, ரெஃபரன்ஸ் மேசை முன்னாடி அஞ்சு பேரு பென்டிரைவோட நிக்கறாங்க. ஒரு வாத்தியாரு, ரெண்டு ஆராய்ச்சிப் பொண்ணுங்க, பின்னாடி இன்னும் ரெண்டு பேரு. எல்லாரும் அக்கா சொல்லிக்குடுத்தவங்க. வாத்தியாரு வாயத் திறக்கறதுக்குள்ள அக்கா, "தெரியும். கமா. உக்காருங்க" அப்படின்னா.

நாத்தனார் ஜன்னலோர மேசையில ரசீதக் கையில வச்சுக்கிட்டே தலையச் சாச்சா, நிமிஷத்துல தூங்கிட்டா. படிக்கிற இடத்துல தூங்கக் கூடாதுன்னு சுவத்துல போர்டே இருக்கு, அக்காதான் மாட்டினது. வாத்தியாரு அந்தப் பக்கம் திரும்பிப் பாத்தாரு.

"அவ இருக்கட்டும் சார்" அப்படின்னு குரலத் தணிச்சுச் சொன்னா அக்கா. "மெதுவாப் பேசுங்க. உங்க பேர்ல முன்னாடி இருக்கறது நீங்களா, அப்பாவா?"